காட்டுப்பன்றியைச் சுட எந்தத் தோட்டா பொருத்தம்? பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி

கடலைக்கொல்லை, பாலக்கோடு:

எங்கள் கொல்லை பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி செல்லும் வழியில் இருக்கிறது. காப்புக்காட்டின் எல்லை அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும், கடலை பால்பிடிக்கும் பருவத்தில் பன்றிக்கூட்டம் தவறாமல் இறங்கிவிடுகிறது. போன பட்டத்தில் ஒரே இரவில் அரை ஏக்கர் போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டியதுபோல மண் புரண்டு கிடந்தது. செடிகள் வேர் மேலாகக் கிடந்தன, ஒரு காயும் மிஞ்சவில்லை.

2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட முறை இங்கே பலருக்கும் தெரியும். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி துப்பாக்கி எடுக்க அதில் இடமில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. சுட வருகிறவர்கள் எந்தத் துளையளவு (குழலின் உள்விட்டம்) உள்ள துப்பாக்கியைக் கொண்டுவந்தால் பன்றி நின்ற இடத்திலேயே விழும், பக்கத்துக் கொல்லையில் காவல் படுத்திருப்பவருக்கும் ஆபத்து வராது என்பதுதான் என் கேள்வி. அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அதில் காரணத்தோடு எழுத வேண்டும் என்பதால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

ஊத்தங்கரை படைவீரர்:

ஐயா, பதினேழு ஆண்டுகள் படையில் ரைஃபிளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 315 அல்லது 30-06, இந்த இரண்டு ரைஃபிள்களில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

காட்டுப்பன்றியின் உடற்கட்டுதான் இதற்குக் காரணம். வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். அதன் தோள் முதல் விலா வரை தோலுக்கு அடியில் குருத்தெலும்புபோன்ற ஒரு கெட்டிப் படலம் கேடயமாக இருக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் கிழிக்கும்போது உயிரைக் காப்பது அதுதான். இதயமும் மானுக்கு இருப்பதைவிட முன்தள்ளி, முன்னங்காலின் மறைவில் தாழ்வாக இருக்கிறது. ஆகவே குண்டு கேடயத்தைத் துளைத்து, தோள் எலும்பை முறித்து, அதன் பிறகும் உள்ளே போகும் வலிமையோடு இருக்க வேண்டும்.

315 ரைஃபிளின் குண்டு ஏறத்தாழ 16 கிராம் எடை; குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 3,000 ஜூலுக்குச் சற்றுக் கீழே இருக்கும். 30-06 குண்டு 11.7 கிராம்தான், ஆனாலும் வேகம் மிகுதி என்பதால் 3,900 ஜூல் வரை வரும். 22 ரைஃபிளோ 200 ஜூலைக்கூடத் தொடாது. அதைக் கொண்டு பன்றியைச் சுடுவது வெறும் சித்திரவதை. ராணுவத் தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருக்கக் கூடாது என்ற பிரிட்டிஷ் காலக் கட்டுப்பாட்டால் 303-க்கு மாற்றாக வந்ததுதான் இந்த 315. நம் நாட்டுத் தொழிற்சாலையிலேயே செய்யப்படுவதால் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அலைய வேண்டியதில்லை. முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டாக இருக்க வேண்டும் என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வனவர், அரூர்:

படைவீரர் தந்த எண்களில் குறை காணவில்லை. ஆனால் அந்த எண்கள் போர்க்களத்துக்கும் அடர்காட்டுக்கும் உரியவை. இரண்டு ஏக்கருக்கு ஒரு வீடு இருக்கும் பாலக்கோட்டுக்கு உரியவை அல்ல. 30-06 குண்டு இலக்கைத் தவறவிட்டால் நான்கு கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அந்த நான்கு கிலோமீட்டருக்குள் எத்தனை கொட்டகைகள், எத்தனை மாட்டுப்பட்டிகள், எத்தனை கயிற்றுக்கட்டில்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் பரிந்துரை ரைஃபிள் அல்ல, குழலின் உள்ளே வரிப்பள்ளம் இல்லாத 12 போர் துப்பாக்கி. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே இந்த வழியில்தான் சிந்தித்திருக்கிறது. அதன் 13 ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைத் தரலாம் என்கிறது. அந்த இடத்தில் ரைஃபிளைப் பற்றிய பேச்சே இல்லை. கொல்லையில் சுடும் தூரம் முப்பது, நாற்பது மீட்டர்தான் என்பதையும், தூரம் போகும் குண்டு ஊருக்கு ஆகாது என்பதையும் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

12 போரில் ஒற்றைக் குண்டான ஸ்லக் போட்டால் 28 கிராம் ஈயம் 3,000 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு கிளம்புகிறது. நூறு மீட்டர் போவதற்குள் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் குறை என்று சொல்லாதீர்கள், நமக்கு வேண்டிய குணமே அதுதான். ஸ்லக் கிடைக்காவிட்டால், ஒரே தோட்டாவில் சில பெரிய ரவைகள் அடைத்த எல்.ஜி. தோட்டா போதும்.

ஓசூர் குறிசுடுநர்:

போட்டிகளில் சுடுகிறவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸில் பன்றிகளுக்கு 223 தோட்டாவைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மூன்றரை கிராம் குண்டு, 1,700 ஜூல் ஆற்றல், உதைப்பு மிகக் குறைவு. உதைப்புக்கு அஞ்சாதவர்தான் குறி தவறாமல் சுடுவார். காதுக்குக் கீழே ஒரு குண்டு பட்டால் எந்தக் கேடயமும் காக்காது.

ஊத்தங்கரை படைவீரர்:

தம்பி, உதைப்பைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் கடலைச் செடிக்குள் மூக்கைப் புதைத்து நிமிடத்துக்கு நூறு முறை தலையை ஆட்டும் பன்றியின் காதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் குறிவைப்பது உங்களால் முடியலாம், ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி பெறும் ஒரு வனக்காவலரால் முடியாது. தலை தவறித் தோளில் பட்டால் 223-இன் மெல்லிய குண்டு கேடயத்திலேயே உடைந்துபோக வாய்ப்பு இருக்கிறது.

வனவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எல்.ஜி. போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரவைகள் முப்பது மீட்டரில் பரவிப்போன பிறகு தனித்தனியாக எவ்வளவு ஆழம் இறங்கும் என்று நேரில் பார்த்திருக்கிறீர்களா?

ஓய்வுபெற்ற வனவர், அரூர்:

பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டதால் மறைக்காமல் சொல்கிறேன்.

பணியில் இருந்த காலத்தில் தீர்த்தமலைப் பக்கம் வண்டியில் அடிபட்டு இறந்த ஓர் ஆண் பன்றியைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது அருகில் நின்று விளக்குப் பிடித்தேன். தோளில் கத்தியை வைத்ததும் அது வழுக்கியது. அழுத்தி அறுத்தபோது மாட்டுவண்டிச் சக்கரத்து ரப்பரை அறுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. படலம் என் சுண்டுவிரல் தடிமனுக்கு மேலிருந்தது. அதன் நடுவே மூன்று பால்ரஸ் குண்டுகள் (சக்கரத் தாங்கியில் இருக்கும் சிறு எஃகு உருண்டைகள்) இருந்தன. சுற்றிலும் சதை வெள்ளையாக மூடி ஆறிப்போயிருந்தது. யாரோ எப்போதோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். அந்தப் பன்றி அவற்றைச் சுமந்துகொண்டே எத்தனையோ பட்டம் மேய்ந்திருக்கிறது. மருத்துவர் அவற்றை இடுக்கியால் எடுத்து எனாமல் தட்டில் போட்ட ஓசை இன்னும் நினைவில் இருக்கிறது.

பால்ரஸைவிட எல்.ஜி. ரவை பெரியது. ஆனாலும் தூரம் கூடும்போது அதுவும் இந்தக் கதிக்குத்தான் வரும். எனவே எல்.ஜி. பற்றிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்லக்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அஞ்செட்டி நிலத்துக்காரி:

துப்பாக்கி எனக்குத் தெரியாது, ஆனால் இரவில் ராகிக் கொல்லையில் படுப்பது நானும் என் மாமியாரும்தான். பன்றி விழுகிறதா என்பது எங்களுக்கு இரண்டாவது கவலை. காயம்பட்ட பன்றி புதருக்குள் பதுங்கிக் கிடந்து, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பெண் மீது பாய்வதுதான் முதல் கவலை. இந்தப் பக்கம் தொடையில் தையல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். எனவே அண்ணன்மார்கள் எந்தத் துளையளவைச் சொன்னாலும், பன்றியை ஓடவிடாத துளையளவைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுட ஆள் வராத ஊரில் மின்கம்பி இழுக்கிறார்கள், தீனிக்குள் வெடியை மறைத்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததையும், இரண்டு குட்டிகள் தாயை விட்டு நகராமல் நின்றதையும் மறக்க முடியுமா? முறையான துப்பாக்கி நேரத்துக்கு வந்தால் அந்தக் கம்பிக்குத் தேவை இருக்காது.

ஊத்தங்கரை படைவீரர்:

அம்மா, நீங்கள் சொன்ன முதல் கவலைதான் என் வாதத்தின் அடிப்படை. இரண்டாவதாக, வனவர் ஐயா நம்பும் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்லக் தூரம் போகாது என்பதால் ஆபத்து குறைவு என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேல்நோக்கிச் சுட்டுத் தவறினால் அது சரி. தாழ்வாகச் சுட்டு, குண்டு தரையில் பட்டு எகிறினால் கணக்கு மாறிவிடுகிறது. வேகமாக வரும் மென்முனை ரைஃபிள் குண்டு தரையிலோ கல்லிலோ மோதும்போது பெரும்பாலும் உடைந்து சிதறி வலுவிழக்கிறது. கனமாகவும் மெதுவாகவும் வரும் ஸ்லக் உடையாமல் எகிறி மேலும் ஓடுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக்காக 2007 இல் செய்யப்பட்ட ஆய்வும், தாழ்வாகச் சுடும்போது 12 போர் ரைஃபிளைவிடப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை நிற்கவில்லை என்றே காட்டியது. கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணில் இரண்டு முழம் தோண்டினால் பாறை. வரப்பே கல் வரப்பு. நம்மைவிட இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் யார்?

ஆகவே துளையளவோடு சுடும் உயரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். தரையில் நின்று சுட்டால் துப்பாக்கி ஐந்தடி உயரத்தில் இருக்கும். நூறு அடி தூரத்தில் நிற்கும் பன்றியின் உடலில் ஒன்றரை அடி உயரத்தில் குண்டு பட்டு மறுபுறம் வெளியேறினால், அது இன்னும் நாற்பது அடிக்கு மேல் போய், தரையை உரசுவதுபோல மிகச் சாய்வாக இறங்கும்; எகிறுவதற்கு ஏற்ற கோணம் அது. பன்னிரண்டு அடிப் பரணில் உட்கார்ந்து சுட்டால் துப்பாக்கி பதினைந்து அடி உயரத்தில் இருக்கும். அதே குண்டு பன்றியைத் தாண்டிப் பதினொரு அடியில் மண்ணுக்குள் போய்விடும். நீங்கள் புரட்டிப் போட்ட கடலை மண்ணைவிட நல்ல குண்டுதாங்கி உலகத்தில் இல்லை.

ஓய்வுபெற்ற வனவர், அரூர்:

பரண் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். இத்தனை ஆண்டுகள் பணியில் இருந்தும் ஒரு முறைகூட அடிக்கணக்காக எண்ணிப் பார்க்கவில்லை. கல் வரப்பில் ஸ்லக் எகிறும் என்பதும் என்னை யோசிக்க வைக்கிறது.

ஆனாலும் ஓர் இடத்தில் நான் அசையவில்லை. முதல் குண்டுக்குப் பிறகு கூட்டம் சிதறி ஓடும். அந்த நேரத்தில் கையில் 30-06 இருப்பவருக்கு, ஓடும் பன்றியைத் துரத்திக் குழலைக் கிடைமட்டத்துக்கு உயர்த்தும் ஆசை வரும். பணியில் நான் கண்ட மனித இயல்பு அது. பரண் உயரம் அப்போது உதவாது. எனவே ரைஃபிள்தான் என்றால் 30-06 வேண்டாம், மெதுவான 315 போதும். ஒரு இரவுக்கு, ஒரு பரணுக்கு, நிற்கும் பன்றிக்கு மட்டும் என்று உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். பரண் கட்ட முடியாத இடத்தில், பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும், முப்பது மீட்டருக்குள் ஸ்லக்.

ஓசூர் குறிசுடுநர்:

315-க்கு என் மறுப்பு இல்லை. ஒரே வேண்டுகோள்: எந்தத் துப்பாக்கியானாலும் சுடும் அன்று மாலை அதே தோட்டாவில் மூன்று குண்டுகளை முப்பது மீட்டர் அட்டையில் சுட்டுப் பார்த்த பிறகே பரண் ஏற வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியின் குறிமுள் எங்கே பார்க்கிறது என்று இருட்டில் தெரிந்துகொள்ள முடியாது.

கடலைக்கொல்லை, பாலக்கோடு:

அனைவருக்கும் நன்றி. மனுவை இப்படி எழுதியிருக்கிறேன்: பன்னிரண்டு அடிக்குக் குறையாத பரண், அதைக் கட்டித் தருவது எங்கள் பொறுப்பு, மென்முனைத் தோட்டாவோடு 315 ரைஃபிள், அன்றே அட்டையில் சரிபார்ப்பு, நிற்கும் பன்றிக்கு மட்டும் குண்டு, சுற்றிலும் அரை கிலோமீட்டருக்குள் காவல் படுப்பவர்களுக்கு மாலையிலேயே தகவல், காயம்பட்டது என்று தெரிந்தால் விடியும் முன் தேடாமல், வெளிச்சம் வந்ததும் வனத்துறையினரே தேடி முடித்த பிறகுதான் மற்றவர்கள் கொல்லைக்குள் இறங்க வேண்டும்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. கடலைக்கு அடுத்த வயல் என் தம்பியுடையது, மக்காச்சோளம் போட்டிருக்கிறான். பன்றி அதற்குள் நின்றால் என்ன செய்வது?

ஊத்தங்கரை படைவீரர்:

சுடக் கூடாது ஐயா. தட்டை அசைவது தெரியும், அசைப்பது பன்றியா, கன்றா, தண்ணீர் திருப்பப் போன ஆளா என்பது தெரியாது. தட்டையில் உரசிய குண்டும் திசை மாறும். சோளத்துக்கும் கடலைக்கும் இடையே பதினைந்து அடி அகலத்துக்குத் தட்டையை வெட்டித் திறந்துவிடச் சொல்லுங்கள். பன்றி அந்த வெளியைக் கடந்துதான் கடலைக்கு வர வேண்டும். பரணை அந்த வெளியைப் பார்க்கக் கட்டுங்கள்.

கடலைக்கொல்லை, பாலக்கோடு:

தம்பியிடம் பேசிவிட்டேன். ஏழெட்டு வரிசை போகும் என்றான், சம்மதித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறோம்.