பீடர்ல மாட்டி நழுவின பெரிய கெண்டைகள்: உங்க அனுபவத்தை எழுதுங்க

மஸ்கெலியாக்காரன்:
மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம், பங்குனி. தண்ணி நல்லா இறங்கி, உள்ள மூழ்கிக் கிடக்கிற பழைய மஸ்கெலியா டவுன் கோயில் சுவர் தலைகாட்டின நேரம். 40 கிராம் மெதட் பீடர் (இரை மாவை அமுக்கி எறியிற பாரம் வைச்ச கூடு), 10 ராத்தல் தாங்குற தங்கூசி, 10ஆம் நம்பர் முள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல விழணும்னு 40 மீட்டர்ல தங்கூசியை ரீல் உருளையில இருக்கிற ஸ்பூல் கிளிப்ல மாட்டியிருந்தது. தடி முனை ரெண்டு தட்டு தட்டிச்சு. மூணாவதுல அப்படியே தண்ணிப் பக்கம் வளைஞ்சு நின்னுச்சு, டிராக் (மீன் இழுத்தா தங்கூசி விட்டுக்கொடுக்கிற ரீல் பிரேக்) ஒரு பல்லு கூட சுத்தல. அறுந்தது முள்ளுக்கிட்ட இல்ல, கிளிப் விளிம்புல. பிளேடால வெட்டின மாதிரி முனை.

கிளிப்ல இருக்கிற வரைக்கும் டிராக் எவ்வளவு லூசா இருந்தாலும் பிரயோசனமில்ல, தங்கூசி வெளிய போக வழியே கிடையாது. எறிஞ்சு, பீடர் தண்ணில பட்டதும் கிளிப்ல இருந்து எடுத்துடணும். தூரம் தவறாம இருக்க, கிளிப் இருந்த இடத்துல தங்கூசி மேல எலாஸ்டிக் நூலால அஞ்சு சுத்து சுத்தி ஒரு அடையாள முடிச்சு. அடுத்த எறிதலுக்கு அந்த முடிச்சு வர்ற இடத்துல மறுபடி மாட்டிக்கலாம்.

காசல்றீ ஓரம்:
கிளிப்பை மட்டும் குத்தம் சொல்லாதீங்க தம்பி. கிளிப் இல்லாமலே இதே கூத்து நடக்கும். மெதட் பீடர்ல முள்ளுக்கயிறு 4 அங்குலம்தான். மீன் சோளத்தை உறிஞ்சி தலையைத் தூக்கின உடனே பீடர் பாரத்துலயே முள் ஏறிடும். பயந்து ஒரே ஓட்டம். டிராக் இறுக்கமா இருந்தா தடியே ஸ்டாண்டை விட்டுப் போகும். காசல்றீல ஒரு தடி போனப்ப ரீல் கைப்பிடி கல்லுல "டக் டக்"னு மோதிக்கிட்டே போன சத்தம் இன்னும் காதுல இருக்கு. ப்ரீ ஸ்பூல் நெம்பு (மீன் ஓடினா தங்கூசி தடையில்லாம போக விடுறது) இருக்கிற ரீல்னா அதைப் போட்டு வைங்க. இல்லாட்டி டிராக்கை ரெண்டு விரலால இழுத்தா வர்ற அளவுக்குத் தளர்த்திட்டு, கையில எடுத்த பிறகு இறுக்குங்க.

தலவாக்கலை:
கிளிப்பு, டிராக் எல்லாம் மீன் கடிச்ச பிறகு வர்ற கதை. கிரகரி வாவில ஒரு காலை. சுத்தி முழுக்கக் கெண்டை விடுற குமிழி, ஆனா அரை மணி நேரம் கழிச்சு இழுத்த பீடர்ல மாவு உருண்டை போட்ட மாதிரியே உட்கார்ந்திருக்கு. உள்ள இருந்த சோளத்தை ஒரு மீனும் தொடல.

காரணம் கோதுமை மா. பிடிப்பா இருக்கட்டும்னு ஒரு கை போட்டா பசையாயிடும். பாண் தூள் 2 கோப்பை, பொடிச்ச தேங்காய்ப் புண்ணாக்கு 1 கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை, இவ்வளவு போதும். புண்ணாக்கு தண்ணியை நிறைய குடிக்கும், அதைத் தனியா அரை மணி நேரம் முன்னாடியே நனைச்சு வைங்க, இல்லாட்டி கலவை முதல்ல சரியா இருந்து பிறகு காய்ஞ்சுபோகும். பாண் தூளுக்குத் தண்ணியைப் பாதி ஊத்தி 15 நிமிஷம் விட்டு, ரெண்டையும் சேர்த்து, மிச்சத்தைத் தெளிச்சுத் தெளிச்சுப் பிசையணும். பிறகு சல்லடைல தேய்ங்க, கட்டி நின்னா பீடர்ல ஒரு பக்கம் மட்டும் கரையும். கையில அமுக்கினா பிடிக்கணும், பெருவிரலால குத்தினா உதிரணும்.

முதல் எறிதலுக்கு முன்னாடி கரையோரம் கணுக்கால் தண்ணில பீடரை வைச்சுப் பாருங்க. 5 நிமிஷத்துல பிரிஞ்சு சோளம் வெளிய தெரியணும். குளிர் காலைல புண்ணாக்கைக் குறைங்க, எண்ணெய் இருக்கிற இரை குளிர் தண்ணில மெதுவாத்தான் பரவும். சோளத்தை ஒரு நாள் ஊறவைச்சு, சிலது வெடிக்கிற வரைக்கும் அவிக்கணும். அரைவேக்காட்டுச் சோளம் மீன் வயித்துக்குள்ள போய் ஊதும், அது பாவம். காலைக்கு ஒரு கோப்பை தாண்டாதீங்க. ஜப்பான் மீன் (திலாப்பியா) கூட்டம் வந்தா பெரிசு ஒதுங்கிடும்.

லக்ஸபான:
கலவைக்கு இவ்வளவு நீளம் எழுதினவங்க பீடர் எப்படிக் கோர்த்திருக்குன்னு ஒரு வரி எழுதலயே. தண்ணி இறங்கின காசல்றீ சரிவுல ஒரு கெண்டை செத்துக் கிடந்துச்சு. மேல் உதட்டு ஓரம், மீசைக்குப் பக்கத்துல முள். அதுக்கப்புறம் 4 அங்குலக் கயிறு. அதுக்கப்புறம் பீடர், பழைய தேயிலை வேர்க் கட்டையில செருகிக்கிட்டு. பீடருக்கு மேல, அது தங்கூசியில நகராம தடுக்கிற ஒரு ரப்பர் ஸ்டாப்பர். தங்கூசி அறுந்தும் பீடர் கழண்டு போகல, மீன் அதோட கட்டுண்டு செத்திருக்கு.

பீடருக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது, மணியும் வேணாம், ஸ்டாப்பரும் வேணாம், வேற தங்கூசியை ஒட்டுற லீடர் முடிச்சும் வேணாம். முள்ளுக்கயிறையும் தங்கூசியையும் இணைக்கிற சுழலியைப் பீடர் ரப்பருக்குள்ள லேசா மட்டும் செருகுங்க. முள்ளுக்கயிறு 8 ராத்தல், மெயின் 10, அப்ப முதல்ல அறுறது கயிறா இருக்கும். சோதிக்கிறது சுலபம்: தங்கூசியைப் பீடருக்கு மேல ஒரு முழம் விட்டு வெட்டிட்டு, முள்ளுக்கயிறைப் பிடிச்சு இழுங்க. பீடர் தானா வழுக்கி வெளிய வரணும். வரலைன்னா அந்தக் கோர்ப்பை எறியாதீங்க.

மஸ்கெலியாக்காரன்:
அண்ணே, என் கோர்ப்புலயும் ஸ்டாப்பர் இருந்துச்சு. மிச்சப் பீடர் எல்லாத்துலயும் கழட்டியாச்சு. கிளிப்ல அறுந்ததால அந்த மீன் 40 மீட்டர் தங்கூசியையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. இன்னும் தண்ணி இறங்கினா கோயில் சுவர்ப் பக்கம் போய்ப் பார்க்கணும்.