முழு மின்நிறுத்தத்துக்குப் பின் கிளஸ்டரையும் ஸ்டோரேஜையும் எந்த வரிசையில் இயக்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சர்வர் அறையில் மின்பலகைப் பராமரிப்புக்காக ஓர் இரவு முழுவதும் மின்சாரத்தை நிறுத்த இருக்கிறார்கள். யூபிஎஸ் உட்பட எல்லாமே அணைந்துவிடும். அணைக்கும் வேலை எனக்குக் கவலை தரவில்லை. மறுநாள் காலையில் மீண்டும் இயக்கும் வேலையைப் பற்றித்தான் கேட்க விரும்புகிறேன்.

எங்களிடம் தரவுத்தளத்துக்காகப் பேஸ்மேக்கர், கோரோசிங்க் என்ற கிளஸ்டர் மென்பொருள்களைக் கொண்ட, இரண்டு நோடு (கிளஸ்டரில் சேர்ந்த சர்வர்) லினக்ஸ் கிளஸ்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு நோடுகளும் இரட்டைக் கன்ட்ரோலர் கொண்ட ஒரே ஸ்டோரேஜைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டோரேஜுடன் கூடுதல் டிஸ்க் ஷெல்ஃபுகளும், நடுவில் இரண்டு ஃபைபர் சேனல் ஸ்விட்சுகளும் உள்ளன. மெய்நிகர் கணினிகளை இயக்கும் சில சர்வர்களும் இதே ஸ்டோரேஜையே நம்பியிருக்கின்றன.

மின்சாரம் வந்தவுடன் தானாக இயங்கும்படி எல்லாச் சர்வர்களின் பயாஸிலும் அமைத்திருக்கிறோம். "ஹை அவைலபிலிட்டி என்று அமைத்தாகிவிட்டது, யார் முதலில் வர வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்கிறார் உடன் பணிபுரிபவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மறுத்துச் சொல்லத் தெளிவான காரணமும் இல்லை. சரியான வரிசை எது, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

உங்கள் ஐயம் நியாயமானது. சாதனங்களின் வரிசையை மட்டும் நான் சொல்கிறேன். கிளஸ்டரைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மின்சாரம் திரும்புவதற்கு முன்பே, அதாவது அணைக்கும் இரவிலேயே, சர்வர்களின் தானியங்கி இயக்கத்தை நிறுத்திவிடுங்கள். எல்லாம் ஒரே நொடியில் எழும்போது, மின்வழங்கிகள் தொடக்கத்தில் இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு உயரும். அப்போது பிரேக்கர் விழுந்தால், பாதி எழுந்த நிலையில் ஸ்டோரேஜ் மீண்டும் அணைந்துவிடும். காலையில் முதலில் குளிரூட்டி ஓட வேண்டும். அடுத்து ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு மின்பாதைகளிலும் மின்சாரம் வந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். ஒரு பாதை மட்டும் உயிரோடு இருந்தாலும் எல்லாம் இயங்கும் என்பதால், இந்தக் குறை பல வாரங்கள் கண்ணில் படாமலே இருந்துவிடும்.

பிறகு நெட்வொர்க் ஸ்விட்சுகள், அவற்றோடு சேர்த்து மேலாண்மை நெட்வொர்க். அடுத்து ஃபைபர் சேனல் ஸ்விட்சுகள். அவை முழுமையாக எழுந்த பின் டிஸ்க் ஷெல்ஃபுகள், கடைசியாகக் கன்ட்ரோலர்கள். ஷெல்ஃப் முன்னும் கன்ட்ரோலர் பின்னும் வர வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. கன்ட்ரோலர் எழும்போது தனக்குக் கீழே உள்ள டிஸ்குகளைத் தேடிப் பட்டியலிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு ஷெல்ஃப் இன்னும் அணைந்திருந்தால், அதிலுள்ள அத்தனை டிஸ்குகளும் காணாமல் போனவையாகவே அதற்குத் தோன்றும். ரெய்டு குழு (பல டிஸ்குகளை ஒன்றாக இணைத்த தொகுதி) குறைபட்டதாகவோ முற்றிலும் செயலிழந்ததாகவோ அறிவிக்கப்படும். அப்படி ஒரு செய்தி வந்தால், டிஸ்கைக் கழற்றி மாட்டுவதோ, திரையில் கேட்கப்படும் "அழித்துவிட்டுத் தொடரவா" என்ற வகைக் கேள்விக்குச் சம்மதிப்பதோ கூடவே கூடாது. ஷெல்ஃபின் மின்சாரத்தையும் கேபிளையும் சரிபார்த்துவிட்டு, தயாரிப்பாளரின் உதவிப் பிரிவைக் கேட்ட பிறகே அடுத்த அடி.

பல ஆண்டுகள் நிற்காமல் சுழன்ற டிஸ்குகளில் ஒன்றிரண்டு, குளிர்ந்து நின்ற பின் மீண்டும் சுழலாமல் போவதும் உண்டு. மாற்று டிஸ்குகள் கையில் இருக்கட்டும். அணைப்பதற்கு முன்பே ஏற்கெனவே பழுதான டிஸ்க் ஏதும் இல்லை என்பதையும், மறுகட்டமைப்பு எதுவும் ஓடவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காத்திருக்க வேண்டிய நேரத்தைக் கேட்டிருந்தீர்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் நிலையைப் பாருங்கள். இரண்டு கன்ட்ரோலர்களும் இயல்புநிலையைக் காட்ட வேண்டும், எல்லா வால்யூம்களும் ஆன்லைனில் இருக்க வேண்டும், ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டும் உள்நுழைந்திருக்க வேண்டும். அதுவரை எந்தச் சர்வரையும் தொடாதீர்கள். கேஷ் பேட்டரி சார்ஜ் ஏறும் வரை சில ஸ்டோரேஜ்கள் எழுதும் தரவைக் கேஷில் தேக்காமல் நேரடியாக டிஸ்குக்கே அனுப்பும். அதனால் தொடக்கத்தில் வேகம் குறைவாகத் தெரிந்தால் அது பழுதல்ல.

இரண்டாம் பதில்

முந்தைய பதிலை அப்படியே ஏற்கிறேன். உங்கள் சக பணியாளரின் கருத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

கிளஸ்டர் மென்பொருள், ஒரு பகுதி விழும்போது மறு பகுதி தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. எல்லாமே அணைந்து, எல்லாமே ஒன்றாக எழும் நிலை அதிலிருந்து முற்றிலும் வேறானது. எழுந்தவுடன் எதிர் நோடைப் பார்க்க முடியாத ஒரு நோடுக்கு, மற்றது அணைந்திருக்கிறதா அல்லது நெட்வொர்க்தான் இன்னும் வரவில்லையா என்பது தெரியாது. தெரியாத நிலையில் பாதுகாப்பான ஒரே வழி ஃபென்சிங் (எதிர் நோடை வலுக்கட்டாயமாக ஒதுக்கிவைப்பது) என்பதால், பேஸ்மேக்கர் தன் இயல்பான அமைப்பின்படி, தான் இன்னும் பார்க்காத நோடை அணைக்கவோ மறுதொடக்கம் செய்யவோ முற்படும். ஸ்விட்ச் எழ இரண்டு நிமிடம் தாமதமானால் போதும், இரண்டு நோடுகளும் ஒன்றையொன்று மாறி மாறி வீழ்த்திக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்கத்தான் கோரோசிங்கில் "வெயிட் ஃபார் ஆல்" என்ற அமைப்பு இருக்கிறது. "டூ நோடு" என்பதை இயக்கினால் அதுவும் தானாகவே இயங்கும். இரண்டு நோடுகளும் ஒரு முறையாவது ஒன்றையொன்று பார்த்த பிறகே கோரம் (சேவைகளை இயக்கத் தேவையான வாக்கு பலம்) கிடைக்கும். உங்கள் அமைப்புக் கோப்பில் யாரேனும் அதை வெளிப்படையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். ஃபென்சிங்கே வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தால், நிலைமை இன்னும் மோசம். இரண்டு நோடுகளும் ஒரே கோப்பமைப்பை ஒரே நேரத்தில் மவுண்ட் செய்து எழுதத் தொடங்கினால், அந்தச் சேதத்தைக் காப்புப் பிரதியிலிருந்து மட்டுமே சரிசெய்ய முடியும்.

ஆகவே அணைப்பதற்கு முன் கிளஸ்டரைப் பராமரிப்பு நிலையில் வைப்பதைவிட, அதன் சேவைகளை முறையாக நிறுத்திவிட்டு, கணினி எழும்போது கிளஸ்டர் தானாகத் தொடங்காதபடி இரண்டு நோடுகளிலும் முடக்கி வைப்பதையே நான் விரும்புவேன். காலையில் நோடுகள் இயங்குதளம் வரை மட்டும் எழட்டும். மல்டிபாத் (ஒரே வால்யூமுக்குப் பல பாதைகள் வைத்திருக்கும் ஏற்பாடு) நிலையைப் பாருங்கள். ஒவ்வொரு வால்யூமுக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் பாதைகள் இருக்க வேண்டும். பாதி பாதைகள்தான் தெரிகின்றன என்றால், ஒரு ஸ்விட்சோ ஒரு கன்ட்ரோலரோ சரியாக எழவில்லை என்று பொருள். ஒரு நோடிலிருந்து மற்றதன் மேலாண்மைப் பலகைக்கு (சர்வரைத் தொலைவிலிருந்தே அணைக்கவும் இயக்கவும் உதவும் தனிப் பலகை) தொடர்பு கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஃபென்சிங் அதன் வழியாகத்தான் நடக்கும். இவை சரியானால் இரு நோடுகளிலும் கிளஸ்டரைத் தொடங்கலாம்.

எந்த நோடு முதலில் என்பது உங்கள் அமைப்பில் தரவைப் பாதிக்காது. ஏனெனில் தரவு இருப்பது ஒரே இடத்தில். ஒவ்வொரு நோடும் தன் சொந்த டிஸ்கில் பிரதி வைத்திருக்கும் அமைப்புகளில்தான், கடைசியாக அணைந்த நோடு முதலில் எழ வேண்டும் என்ற விதி உயிர்நாடியாகிறது. அதனிடம்தான் புதிய தரவு இருக்கும். கலேரா என்ற தரவுத்தளக் கிளஸ்டர் இதைத் தன் நிலைக் கோப்பிலேயே குறித்து வைக்கிறது. முறையாக அணைத்திருந்தால், கடைசியாக நின்ற நோடில் மட்டும் தொடங்கப் பாதுகாப்பானது என்ற குறி 1 ஆக இருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபென்சிங் இயக்கத்தில் இருக்கிறது. "வெயிட் ஃபார் ஆல்" நிறுத்தப்படவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். ஆனால் உங்கள் பதில்களைப் படித்தபோது வேறொரு சிக்கல் கண்ணில் பட்டது. எங்கள் டிஎன்எஸ் (பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை), நேர ஒத்திசைவு, பயனர் அங்கீகாரம் ஆகிய மூன்றும் மெய்நிகர் கணினிகளாக அதே ஸ்டோரேஜில்தான் இருக்கின்றன. அவற்றை இயக்கும் மேலாண்மைச் சர்வரும் ஒரு மெய்நிகர் கணினியே. எதை முதலில் எழுப்புவது?

மூன்றாம் பதில்

ஒன்று எழ மற்றொன்று முன்பே எழுந்திருக்க வேண்டிய இந்தச் சுழல் சார்பு மிகப் பலரிடம் இருக்கிறது. முழு நிறுத்தத்தின்போதுதான் வெளியே தெரியவரும். ஸ்டோரேஜ் சீரான பின், மெய்நிகர் கணினிகளை இயக்கும் சர்வர்களில் ஒன்றை மட்டும் எழுப்புங்கள். மேலாண்மைச் சர்வரைத் தேடாமல், அந்தச் சர்வருக்குள்ளேயே அதன் சொந்தக் கணக்கில் நேரடியாக உள்நுழைந்து, முதலில் டிஎன்எஸ், அங்கீகாரம் ஆகியவற்றுக்கான மெய்நிகர் கணினிகளையும், அவற்றின் பின் மேலாண்மைச் சர்வரையும் இயக்குங்கள். இதற்கு அந்த மெய்நிகர் கணினிகள் எந்தச் சர்வரின் பட்டியலில் பதிவாகியுள்ளன என்பது தெரிந்திருக்க வேண்டும். அணைக்கும் முன்பே அவற்றை ஒரே சர்வருக்கு நகர்த்திவிட்டால் தேட வேண்டியிருக்காது. அந்தச் சர்வர் ஸ்டோரேஜுக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தால், மெய்நிகர் கணினிகள் அணுக முடியாதவை என்று பட்டியலில் தெரியும். பதற வேண்டாம், ஸ்டோரேஜை மீண்டும் ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

கிளஸ்டர் நோடுகளின் பெயர்களையும் முகவரிகளையும் இரு நோடுகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் எழுதிவிடுங்கள். கிளஸ்டர் எழுவது டிஎன்எஸ்ஸை நம்பி இருக்கலாகாது. நேரத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோன சர்வர், மின்சாரம் முழுதும் போன பின் பழைய தேதியோடு எழும். கெர்பரோஸ் என்ற அங்கீகார முறை இயல்பாக அனுமதிக்கும் நேர வேறுபாடு 5 நிமிடம் மட்டுமே. அதற்கு மேல் போனால் உள்நுழைவே மறுக்கப்படும்.

இன்னொன்று. கடவுச்சொற்களும் இயக்க வரிசைக் குறிப்பும் அதே ஸ்டோரேஜில் உள்ள கோப்புச் சர்வரில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். இயக்க வரிசையையும், ஸ்டோரேஜ், ஸ்விட்ச், மேலாண்மைப் பலகை ஆகியவற்றின் முகவரிகளையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் தனியாகப் பூட்டி வையுங்கள்.

நான்காம் பதில்

ஒரு விஷயத்தில் மட்டும் முதல் பதிலிலிருந்து மாறுபடுகிறேன். திட்டமிட்ட நிறுத்தத்துக்குத் தானியங்கி இயக்கத்தை முடக்குவது சரி. அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால், ஆளில்லாத நேரத்தில் மின்சாரம் போய் வரும்போது எதுவும் எழாது. ஸ்விட்சுகளும் ஸ்டோரேஜும் மின்சாரம் வந்தவுடன் எழட்டும். சர்வர்கள், பயாஸிலோ மின்பகிர்வுப் பட்டையிலோ தாமதம் கொடுத்து, அவற்றுக்குப் பின் ஒவ்வொன்றாக எழட்டும். கிளஸ்டர் சேவையை மட்டும் மனிதர் பார்த்துத் தொடங்கட்டும். இயங்குதளம் வரை எழுந்து காத்திருக்கும் நோடால் தரவுக்கு எந்தக் கேடும் இல்லை. தொலைவிலிருந்தே உள்நுழைந்து நிலையைப் பார்க்கவும் முடியும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் (கணினி எழும்போது தானாக மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) ஸ்டோரேஜின் வால்யூம் ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டோரேஜ் தாமதமானால் லினக்ஸ் இயல்பாக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். அப்போது தொலைவிலிருந்து உள்நுழையவும் முடியாது. கிளஸ்டர் மவுண்ட் செய்ய வேண்டிய வால்யூம் அந்தக் கோப்பில் இருக்கவே கூடாது.

எல்லாம் எழுந்த பின், பயனர்களை அனுமதிப்பதற்கு முன், ஃபைபர் சேனல் ஸ்விட்ச் ஒன்றில் ஒரு நோடின் போர்ட்டை முடக்கி, தரவுத்தளம் தடையின்றி எழுதுகிறதா என்று பாருங்கள். பிறகு அதை மீட்டுவிட்டு, சேவையை ஒரு முறை மறு நோடுக்கு நகர்த்தி, மீண்டும் கொண்டுவாருங்கள். இரண்டும் நடந்தால் கிளஸ்டரின் தானியங்கித் தொடக்கத்தைப் பற்றி உங்கள் குழு முடிவெடுத்து, அந்த முடிவையும் அச்சிட்ட குறிப்பில் சேர்த்துவிடலாம்.