பிக்சலேஷன்: கேமராத் தாளுக்கு ஒரு சொல் வேண்டும்

ரோஸ் ஹில், மொரீஷியஸ், திங்கள் மாலை

அனைவருக்கும் வணக்கம்.

மாலை வகுப்பில் பெரியவர்களுக்குத் தமிழ் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். கதை, பாட்டு மட்டும் போதாது, வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒரு பக்கமாவது தமிழில் படிக்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். பலர் வீட்டு வாசலில் கம்பியில்லாக் கேமரா வந்துவிட்டது. அதனால் ‘படம் சரியாக வராவிட்டால்’ என்று ஒரு தாள் எழுதியிருக்கிறேன். காவடிக்கு முன் அச்சாக வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி.

பெரும்பகுதி முடிந்தது. இரவில் மட்டும் படம் வெளுத்துப் போனால், கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பக்கத்துக் கண்ணாடியிலோ சிலந்தி வலையிலோ பட்டுத் திரும்புகிறது. துடைக்கவும். விளக்கு வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடினால், அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக்கவும், மொரீஷியஸ் மின்சாரம் 50 தான். இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து வந்தால், நீளமான மெல்லிய வடத்தில் மின்னழுத்தம் இறங்குகிறது. இரவு விளக்கு எரியும்போதுதான் கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கும்.

ஒரே இடத்தில் நிற்கிறேன். படம் திடீரென்று சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து, ஆளின் முகம் ஒரு பக்கமும் சட்டை ஒரு பக்கமுமாக இழுபட்டு நிற்கிறதே, பிக்சலேஷன் என்கிறோமே, அதற்கு என்ன போடலாம்? பிக்சலைப் படவணு என்று கொண்டு ‘படவணுவாக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் யார் வாயிலும் நுழையவில்லை.

—

மோக்கா, திங்கள் இரவு

அம்மா, புணர்ச்சியில் குறையில்லை. பட + அணு, வகர உடம்படுமெய், சரி. ஆனால் ‘ஆக்கம்’ பிறவினை. யாரோ வேண்டுமென்று செய்வது போல் ஆகிறது. இங்கே படம் தானே கெடுகிறது. தன்வினையில்தான் சொல் அமைய வேண்டும்.

நான் ‘பாத்திப்பிரிவு’ என்பேன். வயலில் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பது போலத்தானே திரை பிரிகிறது? பாத்தி நம் சொல். பகு என்பதே வேர். பகுத்து என்பது பாத்து ஆகும். குறள் 227-இல் வரும் ‘பாத்தூண்’ பகுத்துண்ணும் உணவு. குறள் 718-இல் ‘பாத்தியுள் நீர்சொரிந் தற்று’ என்று பாத்தியே நேராக வருகிறது. பகுதி, பாதி, ஆண்பால் பெண்பால் என்கிற பால், எல்லாம் இந்த வேரின் பிள்ளைகள். பகல்கூட நாளைப் பகுப்பதால் வந்த பெயர் என்று கொள்வார் உண்டு. இவ்வளவு பெரிய குடும்பம் இருக்கும்போது நாம் ஏன் பிறரிடம் கை நீட்ட வேண்டும்?

—

போர்ட் லூயி, செவ்வாய் காலை

ஐயாவுக்கு வணக்கம். நான் கேமரா பொருத்தும் வேலை செய்கிறவன். இலக்கணம் உங்களிடம். என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ‘படவணு’ என்று தொடங்கினாலே பொருள் தவறிவிடும்.

படவணு உடைவதில்லை. கேமரா முழுப்படத்தை எப்போதோ ஒருமுறை, சில விநாடிக்கு ஒருதரம்தான் அனுப்புகிறது. இடையில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்பும். அதையும் படத்தைக் கட்டம் கட்டமாக வகுத்துத்தான் கணக்கிடும். எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில் ஒரு கட்டம் 16-க்கு 16 படவணு. காற்றில் வரும்போது நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், அந்தக் கட்டங்களுக்குப் புதிய செய்தி இல்லை. பழையதே ஒட்டிக்கொண்டு இழுபடும். அடுத்த முழுப்படம் வந்ததும் தானே தெளியும். ஆகவே நாம் பார்ப்பது கட்டம், படவணு அல்ல.

தொலைவது ஏன்? நம் வீடுகள்தான் முதல் காரணம். 1960-இல் கரோல் புயல் வந்து போன பிறகு இங்கே கான்கிரீட்டில் கட்டத் தொடங்கினார்கள். புயலுக்கு நல்லது, வைஃபைக்குக் கெட்டது. சுவருக்குள் இரும்புக் கம்பி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. ரவுட்டர் முன்னறையில், கேமரா பின்சுவரில், நடுவே கான்கிரீட்டும் தொட்டியும் என்றால் அலை எப்படிப் போகும்? ரவுட்டரைக் கேமராவுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விட 2.4 சுவரை நன்றாகக் கடக்கும், ஆனால் அதில் நெரிசல் அதிகம், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. அக்கம்பக்கத்தார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று பார்த்து 1, 6, 11 மூன்றில் ஆள் குறைந்ததை எடுங்கள். இதெல்லாம் தாளில் வரட்டும், அக்கா. இதுதான் அவர்களுக்கு உதவும்.

சொல் என்றால், வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வது ‘கட்டம் கட்டமா வருது’.

—

டர்பன், தென்னாப்பிரிக்கா, செவ்வாய்

தம்பி சொன்னது பயனுள்ளது. இங்கே மின்வெட்டு நாட்களில் இன்னொன்றும் பார்த்திருக்கிறோம். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் எழுவதற்கு முன் கேமரா எழுந்து, இணைப்புக் கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும். கேமராவை மட்டும் அணைத்துப் போட வேண்டும். அதையும் ஒரு வரி சேருங்கள்.

சொல்லுக்கு ‘சில்லுடைவு’ எப்படி? கண்ணாடி சில்லு சில்லாக உடைந்தது என்று யாருக்கும் புரியும். எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை வகுப்பில் மட்டும் தமிழைத் தொடுகிறவர்கள். பாத்தியை அவர்களுக்கு விளக்க முதலில் வயலைக் காட்ட வேண்டும்.

—

கியூர்பிப், செவ்வாய் இரவு

சில்லு வேண்டாம். கணினிக்குள் இருக்கும் சிலிக்கன் துண்டுக்குச் சில்லு என்று ஏற்கெனவே வழங்குகிறது. யாழ்ப்பாணத்தார் சில்லு என்றால் சக்கரம் என்பார்கள். கேமராத் தாளில் ‘சில்லுடைவு’ என்று படித்தவர் உள்ளே சில்லு உடைந்துவிட்டது என்று புதுக் கேமரா வாங்கப் போவார்.

சதுரமும் வேண்டாம், அது வடசொல். கட்டமும் எனக்கு ஐயம்தான். கஷ்டம் என்பதைத் தமிழாக்கிக் கட்டம் என்று எழுதினவர்கள் உண்டே?

மேலும் ஒன்று. தாளில் 1, 6, 11 என்று எழுதாமல் ௧, ௬, ௧௧ என்று எழுத வேண்டும். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் அதில் தமிழின் வரிசை மாறியபோது எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அப்படிக் காத்த மொழியை நம் சொந்தத் தாளில் விட்டுக்கொடுக்கலாமா?

—

போர்ட் லூயி, புதன்

ஐயா, ரவுட்டர் பக்கத்தில் 6 என்றுதான் காட்டும். தாளில் ௬ என்று இருந்தால் பெரியவர் எதை அழுத்துவார்?

—

மோக்கா, புதன்

எண் விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

கட்டம் பற்றிய ஐயம் தேவையில்லை. கஷ்டம் என்ற வடசொல் திரிந்து வந்த கட்டம் வேறு, கட்டு என்பதோடு அம் சேர்ந்த கட்டம் வேறு. சாதகக் கட்டம், தாயக் கட்டம் என்று நாம் சொல்வது இரண்டாவது. எல்லை கட்டியது கட்டம். எனவே தமிழ் அல்ல என்று தள்ள முடியாது.

ஆனால் பாத்திக்கு அது ஈடாகாது. கட்டம் வெறும் கோடு. பாத்திக்குள் நீர் பாய வேண்டும், பாயாத பாத்தி காயும். தம்பி சொன்னதும் அதேதான். செய்தி வந்து சேராத கட்டம் பழையதாகவே கிடக்கிறது. காரணமும் தோற்றமும் ஒரே சொல்லில் அமைவது அரிது. இங்கே அமைகிறது.

—

ரோஸ் ஹில், வியாழன் காலை

ஐயா, பாத்தி அழகான சொல். நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பாட்டி உடனே பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கேமராவுக்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். கோளாறு பார்க்கிறவர் முதலில் கண்ணில் பட்டதை வைத்துத்தான் தாளில் தேடுவார். காரணம் அடுத்த வரியில் வந்தால் போதும். அதனால் கண்ணுக்குத் தெரிவதற்கே பெயர் வைக்க நினைக்கிறேன்: ‘கட்டச்சிதைவு’. மாலைக்குள் ஒப்புதல் சொல்லுங்கள்.

—

டர்பன், வியாழன்

சரி. சில்லை விட்டுவிடுகிறேன்.

—

போர்ட் லூயி, வியாழன்

எனக்குச் சரி.

—

கியூர்பிப், வியாழன்

‘கட்டச்சிதைவு’ என்றால் கட்டத்தின் சிதைவு என்று ஆறாம் வேற்றுமையாக அல்லவா விரியும்? சிதைவது படம், கட்டம் அல்ல. ‘கட்டமாய்ச் சிதைதல்’ என்று விரித்தே எழுதலாம். ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. போடுங்கள். எண்ணை நான் விடவில்லை.

—

மோக்கா, வியாழன் இரவு

பெரும்பான்மை அப்படியென்றால் தாள் அச்சாகட்டும். ‘கட்டச்சிதைவு’ என்று இடைவெளி விடாமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஒற்று விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திப்பிரிவுக்கான என் வாக்கு அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். அந்தப் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

—

போர்ட் லூயி, வெள்ளி காலை

அக்கா, அச்சுக்குப் போகும் முன் ஒன்று. ஆள் வாசலைத் தாண்டிப் போன பிறகு படத்தில் வருகிறாரே, அந்தப் பிந்தலுக்குத் தாளில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘தாமதம்’ என்று இருந்தால் கியூர்பிப் ஐயா விடமாட்டார்.