ஃபார்மட் அடிக்க அவசரப்படாதீர்கள்: எங்கள் வீட்டுப் படங்கள் திரும்பி வந்த கதை

2019 தீபாவளி முடிந்த வாரம். தம்பி ஒரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை (காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டுப் பதிப்பை) இறக்கி இன்ஸ்டால் செய்தான். விண்டோஸ் அப்டேட் மாதிரியே ஒரு திரை வந்து சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அப்டேட்தானே என்று சாப்பிடப் போய்விட்டோம். அந்தத் திரை போலி. அதன் பின்னால் எங்கள் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

வந்து பார்த்தால், தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் அத்தனைக்கும் பெயருக்குப் பின்னால் புரியாத நான்கெழுத்து வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. தாத்தா முந்தின வருஷம்தான் தவறியிருந்தார். அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

சர்வீஸ் கடையில் ஃபார்மட் அடித்துவிடலாம் என்றார்கள். மனசு வரவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் தளம் எதுவும் திறக்கவில்லை. எந்தத் தளம் எங்கே என்று கம்ப்யூட்டர் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி வைரஸே அடைத்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் தேடினோம். வந்திருந்தது ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். எம்சிசாஃப்ட் நிறுவனம் அந்த அக்டோபரில்தான் அதற்கு இலவச டிகிரிப்டர் (பூட்டிய ஃபைலைத் திறக்கும் டூல்) வெளியிட்டிருந்தது. புதிய ரகங்களில், வைரஸ் தன் சர்வரோடு பேச முடியாமல் கைவசமிருந்த, பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டியிருந்தால் மட்டுமே திறக்க வழி உண்டு. ரீட்மீயில் இருக்கும் ஐடி 'டி1' (t1) என்று முடிந்தால் அந்த வகை. எங்களுடையது டி1.

முதலில் ஸ்கேன் ஓட்டி வைரஸை எடுத்தோம், இல்லாவிட்டால் திறந்ததை மறுபடி பூட்டிவிடும். பூட்டிய ஃபைல்களையும் ரீட்மீயையும் வெளி ஹார்ட் டிஸ்கில் பத்திரப்படுத்தினேன். எங்கள் ரகத்தின் சாவி எம்சிசாஃப்ட் கைக்குக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மாசத்துக்கு ஒரு தடவை டிகிரிப்டரை ஓட்டுவேன், சாவி இல்லை என்றே வரும். மார்ச்சில் ஒரு ராத்திரி திறந்துகொண்டது. முதலில் வந்த படம், சல்லடை வழியே கலசத் தண்ணீர் தாத்தா தலையில் இறங்குகிற படம். அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். எங்களுக்கும் இதே வைரஸ்தான் வந்தது, ஆனால் எங்கள் ஐடி டி1 இல்லை. படங்கள் போனது போனதுதான். ஆனால் இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது, பெரிய வீடியோவில் மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் சரிசெய்து தரும் இலவச டூல் இருக்கிறது. பாப்பாவின் காதுகுத்து வீடியோவை அப்படித்தான் மீட்டேன். ஆரம்பத்தில் சில நொடி இல்லை. ஆசாரி ஊசியை எடுப்பதிலிருந்து எல்லாம் இருக்கிறது.

*

எனக்கும் இதே வைரஸ் வந்தது. வைரஸை எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். அப்போது இதோடு சேர்ந்து அஸோரல்ட் என்ற, பாஸ்வேர்டு திருடும் வைரஸும் வந்ததுண்டு. எனக்கு அது தெரியாது. ஒன்றரை மாசம் கழித்து என் மெயிலுக்குள் யாரோ நுழைந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். பிரவுசரில் சேமித்திருந்த அத்தனை பாஸ்வேர்டையும் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினோம். அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டும் அதே பிரவுசரில்தான் இருந்தது. முதலில் அதைத்தான் மாற்றினோம்.