பென்குயினை நேரில் பார்த்தவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பக்கம் இருக்கிற ஃபிலிப் தீவுக்குப் பென்குயின் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், குளிரில் உட்கார்ந்து, கடைசியில் ஒரு போட்டோ கூட எடுக்க முடியாதாமே?" பாதிப் பேருக்கு இதுதான் தயக்கம். என்னைக் கேட்டால், அந்த போட்டோ தடைதான் எங்களுக்கு அன்றைக்குக் கிடைத்த லாபம். அதைச் சொல்ல எங்கள் மாலை வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மெல்பர்னுக்கு வந்த புதிதில், குடியேறியவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். 1948-லிருந்து நடக்கிற திட்டம். தகுதி இருந்தால் காசு கட்ட வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு. முதியோர் இல்லத்தில் ஷிப்டு முடித்து யூனிபார்மோடு வந்து உட்காரும் எத்தியோப்பியப் பெண், முழங்காலில் சிமென்ட் தூசியோடு வரும் டைல்ஸ் ஒட்டுகிற ஆப்கானியர், விடியற்காலையில் பேக்கரியைத் திறக்கும் வியட்நாமியத் தம்பதி. ஏழரை மணிக்கு மேல் பாதி வகுப்புக்குக் கண் சொக்கிவிடும். இலக்கணப் பயிற்சித் தாளைக் கொடுத்தால் போட்டுவிடுவோம். "பேசுங்க" என்றால் மட்டும் எல்லாரும் மேசையைப் பார்ப்போம். வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டால், "துணி துவைத்தேன், தூங்கினேன்." அடுத்தவர், "நானும்." அதில் பொய் ஒன்றும் இல்லையே, மேலே என்ன சொல்வது?

நவம்பர் கடைசியில், வகுப்புகள் முடியப்போகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மினி பஸ் பிடித்துப் பென்குயின் பார்க்கப் போகலாம் என்றார் டீச்சர். குளிர்சட்டை கட்டாயம் என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டார். வெயில் காலம் வரப்போகிறதே என்று நாங்கள் சிரித்தோம். (அவர் சரியாகத்தான் சொன்னார். பாஸ் நீரிணைக் காற்றுக்கு மாதம் தெரியாது.)

மெல்பர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். சான் ரீமோவில் பாலம் ஏறினால் தீவு வந்துவிடும். பகலில் நாபிஸ் முனையில் மரப்பாலத்தில் நடந்தோம். கீழே பாறையில் அலை மோதுகிற சத்தம்தான் காதை அடைத்தது. கடலுக்குள் தள்ளி இருக்கிற சீல் பாறைகளில் ஆயிரக்கணக்கில் கடல்நாய்கள் உண்டு என்றார்கள். வெறும் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி கூடத் தெரியவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அங்கிருந்து பென்குயின் கடற்கரைக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் புல்வெளி. டீச்சர் பஸ்ஸில் மைக் பிடித்து, "இங்கே ஒரு குடியிருப்பு இருந்தது, தெருக்கள் இருந்தன, நூற்றுக்கும் மேல் வீடுகள் இருந்தன" என்றார். பென்குயின் பொந்துகள் அழிந்துகொண்டே போனதால், அந்த மனை முழுவதையும் திரும்ப வாங்கிவிடுவது என்று விக்டோரியா மாநில அரசாங்கம் 1985-ல் முடிவு செய்து, 2010-க்குள் வாங்கி முடித்துவிட்டது. வீடுகள் போய், பறவைக்கு இடம் வந்தது.

வகுப்பில் வாயே திறக்காத டைல்ஸ்காரர் பின் சீட்டிலிருந்து எழுந்துவிட்டார். "வீட்டுக்காரங்களுக்கு என்ன கொடுத்தாங்க?" பணம் கொடுத்தார்கள் என்றார் டீச்சர். "போக மாட்டேன்னு யாரும் சொல்லலையா?" கோபப்பட்டவர்கள் நிறையப் பேர் என்றார். இவர் விடுவதாக இல்லை. துப்பாக்கி இல்லாமல், குண்டு இல்லாமல், இருபத்தைந்து வருஷம் பொறுமையாகப் பேசி வீட்டைக் காலி செய்ய வைக்க முடியுமா என்பது அவர் சந்தேகம். எத்தியோப்பியப் பெண் குறுக்கே புகுந்தார். பேக்கரிக்காரர், தன் வீட்டை யாராவது அப்படிக் கேட்டால் என்ன விலை சொல்வேன் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பஸ் நின்ற பிறகும் பேச்சு ஓயவில்லை. காலம், வினை, ஒருமை, பன்மை எல்லாம் தலைகீழ். டீச்சர் ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை.

சரி, பென்குயினுக்கு வருகிறேன். கடலைப் பார்த்தபடி கான்கிரீட் படிகள். இருட்டுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். போன், கேமரா எல்லாம் உள்ளே போட்டுவிடுங்கள் என்று பல மொழிகளில் அறிவிக்கிறார்கள். மங்கலான வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணில் பிளாஷ் அடித்தால் பென்குயினுக்குத் திசை தடுமாறும், பயந்து கடலுக்கே திரும்பிவிடும். பிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள் என்பதால் மொத்தமாகவே தடை. நல்ல வேலை செய்தார்கள்.

சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் அலை நுரைக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது. நான்கைந்து குட்டி உருவங்கள் எழுந்து நின்றன. ஒரு அடி உயரம், ஒரு கிலோ எடை, அவ்வளவுதான். பென்குயின் இனங்களிலேயே சிறியது இதுதான். முதுகு கறுப்பு இல்லை, கருநீலம். பந்தியில் முதல் இலைக்கு யார் உட்காருவது என்று தயங்கி நிற்பார்களே, அப்படி நின்றன. ஒரு கடற்புறா பக்கத்தில் இறங்கியது. உடனே மொத்தக் கும்பலும் திரும்பித் தண்ணீருக்குள். மறுபடி வந்தன, மறுபடி ஓடின. இன்னும் ஏழெட்டு சேர்ந்த பிறகுதான் தைரியம் வந்து, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு மணலைக் கடந்தன. மணலில் இருக்கும்போது பருந்தோ கடற்புறாவோ பார்த்துவிட்டால் தப்பிக்க வழியில்லை. அதனால்தான் இருட்டும் வரை காத்திருந்து, கூட்டமாகச் சேர்ந்து வருகின்றன.

ஆனால் நான் சொல்வேன், படியில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். மேலே மரப்பாதைக்கு வந்துவிடுங்கள். பாதைக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் (நீட்டக் கூடாது) பென்குயின்கள் பொந்துக்கு ஏறிப் போகின்றன. வயிறு நிறைய மீன். நாலு எட்டு வைத்ததும் நின்று மூச்சு வாங்குகின்றன. பக்கத்தில் பார்த்தால் மார்பு தூக்கித் தூக்கி இறங்குவது தெரியும். நவம்பரில் குஞ்சுகள் இருக்கும். பொந்து வாசலில் அம்மா அப்பா அளவே வளர்ந்த, இன்னும் பழுப்புப் பஞ்சு உதிராத குஞ்சு ஒன்று, வழியில் போன பெரிய பென்குயினையெல்லாம் துரத்திச் சோறு கேட்டது. அது அதன் பெற்றோரே இல்லை. இறக்கையால் ஒரு அடி வாங்கிக்கொண்டு அடுத்ததைத் துரத்தப் போனது.

அடுத்த வகுப்பில்தான் வேடிக்கை. யாரிடமும் படம் இல்லை. படம் இருந்திருந்தால் போனைக் கைமாற்றி, "ஆ, அழகு" என்று முடித்திருப்போம். இப்போது வர முடியாமல் போன இரண்டு பேருக்கு வாயால் சொல்லியாக வேண்டும். ஒருவர் முதலில் நான்கு வந்தது என்றார், இன்னொருவர் ஆறு. பேக்கரிக்காரரின் மனைவி எழுந்து, ஒரு பொந்து வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்த பென்குயினைப் பற்றிச் சொன்னார். உள்ளேயிருந்து பதிலே வரவில்லையாம். ஜோடி அன்றைக்குத் திரும்பவில்லையோ என்னவோ. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அம்மா வகுப்பில் அவ்வளவு நேரம் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. கணவரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எந்த ஊர்ப் பென்குயினாக இருந்தாலும் சரி.

*

அக்கா, வடிவா எழுதியிருக்கிறீங்கள். நான் போனது மார்ச் மாசம். அது இறகு உதிர்க்கிற காலம். வருசத்துக்கு ஒருக்கா எல்லா இறகையும் கொட்டிப்போட்டுப் புதுசு வளர்க்குமாம். கிட்டத்தட்ட இரண்டரைக் கிழமை தண்ணிக்குள்ள இறங்கேலாது, சாப்பாடும் இல்லை. அதுக்கு முதலே நல்லாச் சாப்பிட்டுக் கொழுத்துவிடும். நாங்கள் பார்த்ததுகள் எல்லாம் கிழிஞ்ச தலகாணி மாதிரி பொந்து வாசலில் நிண்டதுகள். படத்தில் பார்க்கிற வடிவு ஒண்டும் இல்லை. எனக்கெண்டால் அதுதான் பிடிச்சது.

எங்கட ஏரியாவில் பின்னேர வகுப்பு எண்டால் பின்னல் வகுப்புத்தான். பென்குயினுக்குச் சுவெட்டர் பின்னுறது எண்டு ஒருவர் கொண்டுவந்தா. பகிடி எண்டு நினைச்சன். இல்லையாம். கப்பல் எண்ணெய் உடம்பில் பட்டால் இறகு ஒட்டிப்போய்க் குளிர் உள்ளுக்குப் போகும், அதோட அலகால் கோதிக் கோதி நஞ்சை விழுங்கும். கழுவிற அளவுக்குத் தேறும் வரைக்கும் கோதாமல் தடுக்கத்தான் இந்தச் சட்டை. 2001-ல் ஃபிலிப் தீவுப் பக்கம் எண்ணெய் கசிஞ்சு 438 பென்குயின் அகப்பட்டதாம், நூற்றுக்கு 96 பிழைச்சுப் போனது. தலைக்கும் இரண்டு சிறகுக்கும் ஓட்டை சரியா வரவேணும், இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. மனுசப் பிள்ளைக்குப் பின்னுறதை விட இது கஷ்டம். சும்மா நினைச்ச உடனே பின்னி அனுப்பாதேங்கோ, இப்ப தேவை இருக்கோ எண்டு முதல் கேளுங்கோ. ஏற்கனவே நிறையச் சேர்ந்து கிடக்குது. மிச்சத்தைப் பொம்மைக்குப் போட்டு வித்து அந்தக் காசைப் பறவையளுக்குச் செலவழிக்கினம்.

*

போட்டோ கூடாது என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நான் போனது கேப் டவுன் பக்கம் சைமன்ஸ் டவுன், போல்டர்ஸ் கடற்கரை. அதுவும் மாலை நேர போட்டோகிராபி வகுப்பு ஆட்களோடு. அங்கே பட்டப்பகலில் பார்க்கலாம், படமும் எடுக்கலாம், மரப்பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் சரி. ஆப்பிரிக்கப் பென்குயின்கள், கண்ணுக்கு மேலே இளஞ்சிவப்புத் தோல் இருக்கும். வெயில் ஏறினால் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து சூடு வெளியேறுமாம், நிறம் கூடுவது லென்ஸில் நன்றாகவே தெரிந்தது. கத்தினால் அசல் கழுதைதான்.

1980-களின் தொடக்கத்தில் இரண்டு ஜோடிகள் வந்து குடியேறிய இடம் அது. இன்றைக்கு ஊருக்கே அடையாளம். ஆனால் மொத்த இனத்தின் கதை வேறு. இனப்பெருக்கம் செய்யும் ஜோடிகள் 10,000-க்கும் கீழே போய்விட்டன, 2024-ல் மிக மோசமான அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மத்தியும் நெத்திலியும் கிடைப்பதில்லை என்பதுதான் பெரிய காரணம். நம் வலைக்கும் அதுதான் வேண்டும், அதற்கும் அதுதான் வேண்டும். 2021-ல் தேனீ கொட்டி ஒரே சமயத்தில் 63 செத்துப்போன கொடுமையும் அங்கேதான் நடந்தது. கண்ணைச் சுற்றிக் கொட்டியிருந்ததாம். அங்கே இறகு மூடியிருக்காது.

போட்டோவுக்கு வருகிறேன். எங்கள் வாத்தியார், காலையில் போனதும் ஒரு மணி நேரத்துக்கு கேமராவைப் பையிலிருந்து எடுக்க விடவில்லை. முதலில் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். நான் பார்த்தது கூட்டுக்குக் கடற்பாசி பொறுக்கிக்கொண்டு போனது. அது திரும்பிய பக்கமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து திருடிக்கொண்டு போனார். அதைப் பார்த்திருந்ததால்தான் திருடுகிற நேரத்துக்குச் சரியாக கேமராவைத் தூக்க முடிந்தது. அதனால் அக்கா, படம் எடுத்தால் பார்க்க மாட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. பார்க்காமல் எடுத்தால்தான் தப்பு. ஃபிலிப் தீவில் இருட்டில் தடை போட்டது சரிதான், அது பறவைக்காக.

*

வணக்கம். பையனுக்கு ஆறு வயசு, அம்மாவுக்கு முழங்கால் வலி. ரெண்டு பேரையும் ஃபிலிப் தீவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? எந்த மாசம் நல்லது?

*

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. மரப்பாதை சீரான சரிவுதான், சக்கர நாற்காலியும் போகும். படியில் உட்கார வேண்டிய அவசியமே இல்லை, அம்மாவோடு மேலேயே நில்லுங்கள். ஆறு வயசுப் பையன் என்றால் ஒரு விஷயம் யோசியுங்கள்: டிசம்பரில் சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகிவிடும், வீடு வந்து சேர நடு இரவு. ஜூனில் ஐந்து மணி சுமாருக்கே இருட்டிவிடும், ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும், குஞ்சுகளும் இருக்காது. நானாக இருந்தால் பள்ளி விடுமுறை அல்லாத அக்டோபர், நவம்பரில் போவேன். குடை கொண்டு போகாதீர்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். மழைக்கோட்டு போதும்.

போட்டோகிராபர் தம்பி சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் வகுப்புக்கு அந்த வாத்தியார் வாய்க்கவில்லையே, தடைதான் வாய்த்தது.

இன்னொன்று. திரும்பும்போது காரைக் கிளப்புவதற்கு முன் குனிந்து அடியில் பென்குயின் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி நிறுத்துமிடத்திலேயே அப்படிப் பலகை வைத்திருக்கிறார்கள், அது விளையாட்டுக்கு இல்லை. எங்கள் டிரைவர் நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஏறினார். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் டிக்கெட்டை முன்னாடியே போட்டுவிடுங்கள். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.