மேஸ்திரி எக்ஸ்ரே படம் கேட்கிறார், என்ன செய்வது?

வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன்.

போன வாரம் கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் ஒரு மாத இருமலோடு வந்தார். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். மறுநாளே எஸ்டேட் மேஸ்திரி வந்து, "படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு தம்பி, டிபியான்னு தெரியணும்" என்றார். மறுத்துவிட்டேன். "செலவு எங்களுதுதானே" என்று கோபமாகப் போனார். திரும்ப வருவார்.

டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம், நிக்ஷய் என்ற அரசு இணையதளம் வழியாக. அது சரி, மேஸ்திரி அரசு இல்லையே! அதோடு, படத்தில் நிழல் தெரிந்தாலே டிபி என்று ஆகிவிடாது, சளிப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. அதற்குள் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேச்சு பரவினால் அந்த அக்கா வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நோயாளியின் ரகசியம் காப்பது டாக்டர்களுக்கு 2002 நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர்களுக்கான 2021 சட்டத்தில் வரும் டெக்னீஷியன்களான நமக்கும் அதே கடமை என்றுதான் நினைக்கிறேன்.

கம்பெனி செலவில் பரிசோதனை நடக்கும் இடங்களில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: ரிப்போர்ட்டை யார் கையில் கொடுக்கிறீர்கள்? எளிய தமிழில் சம்மதப் படிவம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி வைத்து வாசித்துக் காட்டுகிறீர்களா? படுக மொழியில் பேசிப் பதிவு செய்து தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி.