நானே பதிவு செய்த நாதஸ்வர ஒலிக்கு யூடியூபில் உரிமைக் கோரல்: உதவி தேவை

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக் கைவினைஞர்களைப் பற்றிய என் ஆவணப்படத்தை மார்ச் மாதம் யூடியூபில் ஏற்றினேன். ஆச்சா மரத்தைக் கடைந்து முடித்தவர், சுருதி பார்க்கத் தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை வாசிக்கிறார். படத்தின் அந்தப் பகுதிக்கு ஓர் இசை நிறுவனம் பதிப்புரிமை கோருகிறது; விளம்பர வருமானமும் அவர்களுக்கே போகிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல், கீர்த்தனைக்கு இன்று யாரும் பதிப்புரிமை கோர முடியாது! ஒலியைப் பட்டறையிலேயே ஜூம் ஹெச்4என் ஒலிப்பதிவுக் கருவியில் நான் பதிந்தேன். வாசித்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இருக்கிறது.

யூடியூபில் ஆட்சேபித்தேன், நிறுவனம் பதிலளிக்க வேண்டிய 30 நாள் கெடு முடியும் தறுவாயில் நிராகரித்தார்கள். நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அந்தப் பகுதியின் ஒலியை நீக்கிவிடலாம் என்கிறது யூடியூப். நாதஸ்வரப் படத்தில் நாதஸ்வரத்தையா? மேல்முறையீடு தோற்றால் சேனலுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) விழலாம். புதிய வாடிக்கையாளர்களிடம் நான் காட்டுவதோ இந்தச் சேனலைத்தான்.

இதே நிலையில் மேல்முறையீடு செய்து வென்றவர்கள், படிவத்தில் என்ன எழுதினீர்கள்?